யூவும் தோகோவும்: சமமில்லாத ஒரு காதலைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியோ நாகாதானி எழுதி வரைந்த ‘யாகாதே கிமி நி நாரு’ என்ற மங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையைப் பற்றிய பக்கம் இது. நம்மில் பலருக்கு ‘ப்ளூம் இன்டு யூ’ என்ற ஆங்கிலப் பெயரில்தான் அறிமுகம். 2015 ஏப்ரல் முதல் 2019 செப்டம்பர் வரை ‘டெங்கேக்கி டையோ’ மாத இதழில் தொடராக வந்து, 8 தொகுதிகளாக, 45 அத்தியாயங்களோடு முடிந்தது. இதைப் படித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு என் பதில்களையும் கீழே கொடுத்திருக்கிறேன். முழுக்க ஸ்பாய்லர், அதாவது கதையின் முடிவு வரை சொல்லிவிடுகிறேன். இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுவது நல்லது.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

யூ கொய்தோ உயர்நிலைப் பள்ளியில் அப்போதுதான் சேர்ந்தவள். பாட்டிலும் ஷோஜோ மங்காவிலும் (இளம்பெண்களுக்கான மங்கா) வருகிற மாதிரி நெஞ்சு படபடக்கும் காதல் தனக்கும் ஒருநாள் வரும் என்று காத்திருக்கிறாள். நடுநிலைப் பள்ளியில் கூடப் படித்த பையன் ஒருவன் காதலைச் சொல்லிவிட்டான். அவளுக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. இந்த நிலையில், யார் காதலைச் சொன்னாலும் மறுத்துவிடுகிற தோகோ நானாமி என்ற சீனியரைச் சந்திக்கிறாள். ‘இவளும் நம்மைப் போலத்தான்’ என்று யூவுக்கு ஒரு நிம்மதி. ஆனால் அந்தத் தோகோவே யூவின் மேல் காதல் கொள்கிறாள். அதோடு, நீ என்னைத் திருப்பிக் காதலிக்க வேண்டாம், காதலிக்கவும் கூடாது என்று கேட்டுக்கொள்கிறாள். எட்டுத் தொகுதிகளும் இந்த ஒரு வேண்டுகோளைச் சுற்றித்தான்.

ஒருத்தி காதலிக்கிறாள், இன்னொருத்தி காதலிக்கவில்லை. சமமின்மை என்பது அவ்வளவுதானே?

பெரும்பாலோர் அப்படித்தான் படிக்கிறார்கள். முதல் இரண்டு தொகுதி வரைக்கும் அந்த வாசிப்பு போதும். அதற்குப் பிறகு போதாது.

ஒருதலைக் காதல் உலகக் கதைகளில் கொட்டிக் கிடக்கிறது. காதலிக்கிறவள் ஏங்குவாள், மற்றவள் விலகுவாள், என்றாவது ஒருநாள் மனம் மாறும், அல்லது மாறாது. இங்கே மனம் மாறுவதற்கே தடை. தோகோ யூவைத் தேர்ந்தெடுத்த காரணத்தைப் பாருங்கள். யாரையும் தனித்துப் பார்க்காதவள் யூ. அவள் பக்கத்தில் இருந்தால் தோகோ யாராகவும் இருக்க வேண்டியதில்லை. பள்ளி முழுக்கத் தன்னைக் குறையே இல்லாத மாணவியாகப் பார்க்கிறது, அந்தப் பார்வையை நாள் முழுக்கச் சுமந்தாக வேண்டும். யூவிடம் மட்டும் அதை இறக்கி வைக்கலாம். ஆனால் யூ காதலிக்கத் தொடங்கிவிட்டால், அவளும் ‘நான் விரும்பும் தோகோ’ என்று ஒருத்தியை மனதில் வைத்துக்கொள்வாள். இறக்கி வைத்த சுமை மறுபடி தலையில் ஏறும்.

ஆகவே என் வாசிப்பில், இந்த இருவருக்கு நடுவே சமமில்லாமல் இருப்பது காதலின் அளவு அல்ல, மாறுவதற்கான உரிமை. தோகோ காதலில் விழலாம், அழலாம், சிணுங்கலாம், முத்தம் கேட்கலாம். யூ முதல் நாள் எப்படி இருந்தாளோ அப்படியே இருக்க வேண்டும். பதினைந்து, பதினாறு வயதுப் பெண்ணிடம் கேட்கக்கூடாத வேண்டுகோள் இது. அந்த வயதில் யார்தான் அப்படியே இருக்கிறார்கள்?

காதலிப்பவள்தானே பலவீனமானவள்? பிடி தோகோ கையில் இருப்பதாக எப்படிச் சொல்ல முடியும்?

வெளியில் பார்த்தால் தோகோதான் கெஞ்சுகிறாள். யூ நிதானமாக இருக்கிறாள், கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறாள். உடல் அளவில் இதுவரை, அதற்கு மேல் இல்லை என்று கோடு போடுவதும் அவள்தான். கெஞ்சுகிறவள் கீழே, கொடுக்கிறவள் மேலே என்று தோன்றும்.

ஆனால் விதியை எழுதியது யார்? ஆற்றைக் கடக்கும் கற்களின் மேல் இருவரும் நிற்கும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். தோகோவுக்குத் தன்னையே பிடிக்காது. தனக்குப் பிடிக்காத ஒன்றை விரும்புகிறேன் என்று வருகிறவரை என்னால் விரும்ப முடியாது என்கிறாள். வேண்டுகோள் மாதிரி ஒலித்தாலும் இது மிரட்டல்தான். நீ காதலித்தால் என்னை இழப்பாய் என்பதுதான் அதன் பொருள். தோகோ அதை மிரட்டலாக நினைத்துச் சொல்லவில்லை, அவளுடைய உண்மையான பயத்தைத்தான் சொல்கிறாள். மிரட்டுகிறவள் நல்லவளாகவும் உடைந்தவளாகவும் இருந்தால், மிரட்டப்படுகிறவளுக்கு எதிர்த்துப் பேச இடமே இருக்காது.

யூவின் பதில் அங்கேயே வந்துவிடுகிறது: சரி, நான் யாரையும் காதலிக்க மாட்டேன். தனிமை தாங்காமல் சொன்ன பொய் அது. அந்த இடத்திலிருந்து யூவின் ஒவ்வொரு ‘பரவாயில்லை’யையும் சந்தேகத்தோடு படிக்க வேண்டும்.

ரயில்வே கேட்டில் நடந்த முதல் முத்தம் அனுமதி இல்லாமல் நடந்தது. அதை எப்படி எடுத்துக்கொள்வது?

தப்பாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கேட் மூடியிருக்கிறது, ரயில் கடந்துகொண்டிருக்கிறது, தோகோ கேட்காமல் முத்தமிடுகிறாள். அழகாக வரைந்திருக்கிறார் என்பதற்காக அது சரியாகிவிடாது. ஒரு பையன் செய்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போமோ அதையேதான் இங்கேயும் சொல்ல வேண்டும். இந்தக் காட்சியோடு புத்தகத்தை மூடி வைத்தவர்களை எனக்குத் தெரியும், அவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

படித்துக்கொண்டே போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நாகாதானி அந்தக் கட்டங்களில் முத்தத்தைவிட யூவின் முகத்துக்குத்தான் கவனம் தருகிறார். அங்கே கோபம் இல்லை, பரவசமும் இல்லை. எதுவும் இல்லையே என்ற திகைப்பு மட்டும். முத்தமிட்டவளுக்குப் படபடப்பு, முத்தம் வாங்கியவளுக்கு ஒன்றுமில்லை. அதில் யூவுக்கு வருவது பொறாமை: நீங்கள் மட்டும் எப்படி மாறிவிட்டீர்கள்? காதலிக்கப்படுகிறவள் காதலிக்கிறவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள். இந்தக் கோணத்தை நான் வேறு எங்கும் இவ்வளவு கூர்மையாகப் படித்ததில்லை.

சீனியர்–ஜூனியர் உறவு என்பதாலும் ஏற்றத்தாழ்வு வருகிறதா?

வருகிறது, ஆனால் எதிர்பார்க்கும் விதத்தில் அல்ல. ஜப்பானில் பெண்களுக்கு இடையிலான நேசத்தைப் பற்றிய கதைகளுக்கு நூறாண்டுக்கும் மேலான மரபு உண்டு. 1916-இல் நோபுகோ யோஷியா ‘ஹானா மோனோகதாரி’ கதைகளை எழுதத் தொடங்கிய காலத்தில், பெண்கள் பள்ளிகளில் மூத்தவளும் இளையவளும் கொள்ளும் நெருக்கத்தை ‘எஸ்’ உறவு என்றார்கள். கல்யாணம் ஆகும் வரைக்கும்தான் அது என்று ஊரும் வீடும் கண்டுகொள்ளாமல் விட்டன. 1998-இல் தொடங்கிய ‘மரியா-சமா கா மிதேரு’ நாவல்கள் அதே அக்கா–தங்கை அமைப்பைப் புதுப்பித்து, யூரி எனப்படும் பெண்–பெண் காதல் கதை வகைக்குப் பெரிய வாசகர் கூட்டத்தைச் சேர்த்தன. அந்த மரபில் பொதுவாக இளையவள் அண்ணாந்து பார்ப்பாள், மூத்தவள் வழிகாட்டுவாள்.

நாகாதானி இதைக் கவிழ்த்துவிட்டார். காதலில் விழுவது மூத்தவள். பள்ளியும் பையன்களும் படிக்கும் பள்ளி, மூடிய பெண்கள் உலகம் அல்ல. இதழும் யூரிக்கென்று தனியாக நடக்கும் இதழ் இல்லை. ஆனாலும் அடுக்கு முழுசாகக் கலையவில்லை. தோகோ சீக்கிரமே ‘யூ’ என்று பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிடுகிறாள். யூவோ கதையின் பெரும்பகுதியில் ‘நானாமி சென்பாய்’ (சென்பாய் என்றால் சீனியர்) என்று குடும்பப் பெயரிலேயே நிற்கிறாள். தோகோ நெருங்கி வருகிறாள், யூ இடைவெளியைக் காக்கிறாள். அந்த இடைவெளியைத்தான் தோகோ விரும்புகிறாள் என்பதும் யூவுக்குத் தெரியும்.

யூ காதல் உணர்வே இல்லாதவளா? ஆரோமான்டிக் என்று படிப்பது தவறா?

தவறில்லை. முதல் பாதியை அப்படிப் படித்துத் தன்னையே அதில் கண்டுகொண்ட வாசகர்கள் நிறையப் பேர். தோழிகள் எல்லாம் மேலே பறந்துபோக, தன் கால்கள் மட்டும் தரையிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதாக யூ உணரும் பக்கங்கள் அவர்களுக்குச் சொந்த அனுபவம். பின்னால் யூ காதலிக்கிறாள் என்று வந்ததும் கைவிடப்பட்டது போல் சிலர் உணர்ந்ததும் நியாயமே.

ஆனால் ஆசிரியர் ஆரம்பத்திலேயே ஒரு வேறுபாட்டை வைத்திருக்கிறார். யூவும் தோகோவும் இருக்கும் மாணவர் மன்றத்தில் மாக்கி என்ற பையன் இருக்கிறான். அவனுக்குத் தானாகக் காதலிக்கும் ஆசை துளியும் இல்லை. மற்றவர்களின் காதலைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து ரசிப்பதில் திருப்தி அடைகிறான். கடைசி வரைக்கும் அப்படியே இருக்கிறான், யாரும் அவனைத் திருத்த வருவதில்லை. இது பெரிய விஷயம். யூ அப்படி இல்லை. அவளுக்கு அந்த உணர்வு வேண்டும், அது வராததுதான் அவள் துக்கம். நீ என்னைப் போன்றவள் இல்லை என்பதை மாக்கியே அவளுக்கு உணர்த்துகிறான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தொடக்கத்தில் யூவின் மௌனத்துக்குக் காரணம் ‘எனக்குத் தெரியவில்லை’. நடுப்பகுதியில் காரணம் ‘எனக்கு அனுமதியில்லை’. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதே தட்டையான முகம், அதே ‘பரவாயில்லை’. எந்தப் பக்கத்தில் ஒன்று மற்றொன்றாக மாறியது என்று கேட்டால் சரியாகக் காட்ட முடியாது, யூவாலேயே முடியாது. உணர்வு எட்டிப் பார்க்கும்போதெல்லாம் இது அது இல்லை என்று அவளே தட்டிவிடுகிறாள். இரண்டாம் முறை படிக்கும்போது இந்தப் புத்தகம் வேறு புத்தகமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

நம் இலக்கணப்படி இது கைக்கிளையா?

பாதி வரைக்கும், ஆச்சரியமாகப் பொருந்துகிறது. தொல்காப்பியம் கைக்கிளையைச் சொல்லும்போது, காதல் இன்னும் முதிராத இளையவள்மேல் ஆசை வைத்து, பதில் ஏதும் பெறாமலே தானே பேசி மகிழ்வதைச் சொல்கிறது: ‘சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்’. ஆணைப் பற்றிய நூற்பாதான். ஆனால் ‘சொல்லி இன்புறல்’ என்பது தோகோவுக்கு எழுதியது மாதிரியே இருக்கிறது. யூவைப் பார்க்கும்போதெல்லாம் பிடிக்கும் பிடிக்கும் என்று சொல்கிறாள், பதில் வராததில்தான் அவளுக்கு ஆனந்தம்.

மீதிப் பாதி பொருந்தாது. கைக்கிளைத் தலைவனுக்கு எதிர்ச்சொல் கிடைக்கவில்லை. தோகோ அதைக் கிடைக்காமல் செய்துகொள்கிறாள். இலக்கணம் அந்த இளையவளின் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. நாகாதானி கதையை அவள் பக்கம் நின்றே தொடங்குகிறார்.

பள்ளி விழா நாடகத்துக்கு ஏன் இவ்வளவு இடம்?

கதையின் சாவி அங்கேதான் இருக்கிறது. நாடகப் பகுதி இழுவை என்று சிலர் தாண்டிப் போகிறார்கள். அவர்கள் பாதிக் கதையை விட்டுவிடுகிறார்கள்.

தோகோவுக்கு மியோ என்று ஓர் அக்கா. அதே பள்ளியில் மாணவர் மன்றத் தலைவி. ஏழாண்டுகளுக்கு முன், பள்ளி விழா நாடகத்துக்கு முன்னதாகவே, சாலை விபத்தில் இறந்துபோனாள். அந்த ஆண்டு நாடகம் நடக்கவில்லை. கூச்ச சுபாவமுள்ள சின்னப் பெண்ணாக இருந்த தோகோ அன்றிலிருந்து அக்காவாகவே வாழத் தொடங்கினாள். தலைவி ஆகி, அக்கா விட்டுப்போன நாடகத்தை நடத்தி முடிப்பது அவள் நேர்த்திக்கடன். அதன் பிறகு என்ன என்பதை அவள் யோசித்ததே இல்லை.

யூ தன் தோழி கொயோமியை நாடகம் எழுத வைக்கிறாள். நினைவிழந்த பெண் ஒருத்தி மருத்துவமனையில் இருக்கிறாள். அவளைப் பார்க்க மூன்று பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் சொல்லும் ‘பழைய அவள்’ வேறு வேறாக இருக்கிறாள். எது உண்மை? முதல் வடிவத்தில் அவள் காதலி சொல்லும் ஆளாக இருப்பதைத் தேர்ந்தெடுப்பதாக முடிவு. யூ கொயோமியிடம் போய் முடிவை மாற்றச் சொல்கிறாள். யாருடைய ‘அவளும்’ வேண்டாம், கண் விழித்த பிறகு இங்கே வாழ்ந்தவளாகவே இருக்கட்டும்.

அந்தப் பெண்ணாக நடிப்பது தோகோ. அவளுக்கு இது தெரிந்தே நடக்கும் அறுவை சிகிச்சை. அக்காவுடன் மன்றத்தில் இருந்த ஒருவர் ஒத்திகைக்கு உதவ வருகிறார். மியோ எல்லா வேலையையும் மற்றவர்கள் தலையில் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள் என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார். தோகோ இத்தனை ஆண்டு நகலெடுத்த அக்கா வீட்டில் தெரிந்த அக்கா மட்டும்தான். நகலெடுக்க ஒரே ஒரு மூலம்கூட இல்லை.

இதைச் சமமின்மைக் கேள்வியோடு சேர்த்துப் பாருங்கள். ‘மாறாதே’ என்று கட்டளை பெற்ற யூ, கட்டளையிட்டவளை மாற்ற முயல்கிறாள். தன்னை மாற்றிக்கொள்ள அவளுக்கு உரிமையில்லை, ஆனால் நாடகத்தின் முடிவை மாற்றலாம், அதற்குத் தடை யாரும் போடவில்லை. யூவின் கையில் இருந்த ஒரே வழி அதுதான். அவள் தனக்காகவும்தான் அதைச் செய்தாள் என்று நான் நினைக்கிறேன். தோகோ தன்னை வெறுப்பதை நிறுத்தினால், தோகோவை நேசிப்பது குற்றமில்லாமல் ஆகிவிடும். முழுக்கத் தியாகம் என்று யூவைக் கும்பிடுகிறவர்கள் இந்தச் சின்னச் சுயநலத்தைப் பார்ப்பதில்லை. எனக்கு அவளைப் பிடிப்பதே அதனால்தான்.

யூ காதலைச் சொன்னதும் தோகோ ஏன் மன்னிப்புக் கேட்கிறாள்? மறுக்கிறாளா?

மறுக்கவில்லை. நாடகம் நன்றாக முடிந்தது. தோகோ கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறாள். அதே ஆற்றங்கல். இவள் மாறிவிட்டாள், இனி சொல்லலாம் என்று யூ நம்பிச் சொல்லிவிடுகிறாள். தோகோவின் வாயிலிருந்து வருவது மன்னிப்பு. யூ அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறாள்.

இத்தனை நாள் இவளைப் பேசவிடாமல் வைத்திருந்தோமே என்பது தோகோவுக்கு அந்த நொடியில்தான் உறைக்கிறது. ஆனால் அவள் பயம் முழுதாகப் போய்விடவில்லை, கால் அசையவில்லை. துரத்திக்கொண்டு ஓடவில்லை என்று கோபப்படலாம், நானும் பட்டேன். ஒரே நாடகத்தில் குணமாகி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்திருந்தால், முன்னே சொன்ன ஏழாண்டு பொய்யாகியிருக்கும்.

சயாகாவின் இடம் என்ன?

சயாகா சயேகி தோகோவின் வகுப்புத் தோழி, மன்றத்தில் அவளுக்கு வலது கை, முதல் ஆண்டிலிருந்தே மௌனமாகக் காதலிப்பவள். நடுநிலைப் பள்ளியில் ஒரு சீனியர் அவளைத் தேடி வந்து காதலித்துவிட்டு, இதெல்லாம் சின்ன வயது விளையாட்டு என்று விட்டுவிட்டுப் போன காயம் வேறு.

தோகோவின் விதியை வாய்விட்டுக் கேட்காமலே புரிந்துகொண்டவள் சயாகா. எல்லையைத் தாண்டினால் இவள் விலகுவாள் என்று தெரிந்து, தாண்டாமலே காத்திருந்தாள். யூ தாண்டினாள். இருவருக்கும் அதுதான் வித்தியாசம், அறிவிலோ அன்பிலோ அல்ல. கியோத்தோ கல்விச் சுற்றுலாவில் சயாகா கடைசியில் சொல்லிவிடுகிறாள், தோல்வி என்று தெரிந்தேதான். தோகோ அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிவருகிறது. காதலிக்கப்படுவதைக் கண்டு ஓடாமல் நிற்கத் தோகோ கற்றுக்கொள்வது சயாகாவிடம்தான். பலன் யூவுக்குப் போகிறது. இந்தக் கதையில் சமமில்லாத கணக்கு இன்னொன்றும் இருக்கிறது என்றால், அது இதுதான்.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்: இது நச்சு உறவா?

நடுப்பகுதியில், ஆம். இருவரும் பதின்வயதினர், இருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, ஆனாலும் ஒருத்தி மூச்சுவிட இன்னொருத்தி மூச்சடக்க வேண்டியிருக்கிறது. கதைக்கு இது தெரியும் என்பது என் நம்பிக்கைக்குக் காரணம். யூ தனியாக இருக்கும் கட்டங்களில் அவள் முகத்தை நாகாதானி ஒளிக்கவே இல்லை.

பெரியவர்கள் யாராவது வழிகாட்டுகிறார்களா?

அறிவுரை சொல்வதில்லை. ஆசிரியை ரிகோவும் காபிக் கடை நடத்தும் மியாகோவும் சேர்ந்து வாழும் ஜோடி. கதையின் ஓரத்தில் சாப்பாடு, வேலை, கேலி என்று இருக்கிறார்கள். பள்ளியோடு முடிந்துபோகும் உறவு இல்லை இது என்று காட்ட அது போதும்.

அனிமே (இந்த மங்காவின் அனிமேஷன் தொடர்) மட்டும் பார்த்தேன். இந்தக் கருத்துகள் பொருந்துமா?

பாதிதான். 2018 அக்டோபர் முதல் டிசம்பர் வரை வந்த 13 எபிசோட் அனிமே, நாடகம் மேடையேறுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதில் பார்த்தவரை தோகோவின் விதி இன்னும் உடையவில்லை. அதை மட்டும் வைத்துத் தோகோவைத் திட்டுகிறவர்கள் மங்காவை ஆறாம் தொகுதியிலிருந்தாவது எடுத்துப் படிக்கட்டும். படித்துவிட்டும் திட்டலாம்.

கடைசியில் இருவரும் சமம் ஆகிறார்களா?

தராசு நேராகிறது என்று சொல்ல மாட்டேன். விதி போய்விடுகிறது. இருவரும் மனம் திறந்த பிறகு வரும் அத்தியாயங்களில் யூ முதன்முறையாகத் தனக்கு வேண்டியதைக் கேட்கிறாள், கேட்டுவிட்டு வெட்கப்படுகிறாள். தோகோ கொடுக்கத் தடுமாறுகிறாள். மூன்றாண்டு கழித்து நடக்கும் இறுதி அத்தியாயத்தில் இருவரும் கல்லூரியில். தோகோ நடிப்பைத் தொடர்கிறாள், யூவுக்கு யூவின் வேலைகள். யார் அதிகம் காதலிக்கிறார்கள் என்ற கேள்வியை அங்கே யாரும் கேட்பதில்லை.

இந்த முடிவு ரொம்பச் சுமுகம் என்ற புகார் உண்டு. எனக்கும் ஓரளவு அப்படித்தான். யூவின் அடக்கி வைத்த கோபத்துக்கு இன்னும் ஓர் அத்தியாயம் கொடுத்திருக்கலாம்.

சயாகாவைப் பற்றிய நாவல்களை எப்போது படிப்பது?

ஹிதோமா இருமா எழுதிய மூன்று நாவல்கள் 2018 முதல் 2020 வரை வந்தன. முதல் இரண்டை மங்காவுக்கு நடுவில் படித்தாலும் குழப்பம் இல்லை. மூன்றாவது சயாகாவின் கல்லூரிக் காலம், அதை மங்கா முடித்த பிறகு எடுங்கள். அவளைத் தேடி இன்னொருத்தி வருகிறாள். காதலிக்கப்படுகிறவள் எப்படி மெல்ல நகர்கிறாள் என்ற அதே கேள்வி அங்கே விதி எதுவும் இல்லாமல் நடக்கிறது. யூ–தோகோவோடு ஒப்பிட்டுப் படிக்க நல்ல துணை.